மீன் வண்டியின் கேன் பஸ்: பாலத்தில் தொலைந்த வேகம்

சித்தப்பாவின் மீன் வண்டி சரியாகிவிட்டது. பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும் வேகமானி முள் சுழியத்துக்கு விழும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரியும், மண்டபத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் எல்லாம் தானாக அணைந்துவிடும். அது இப்போது நின்றுவிட்டது. கோளாறு இருந்தது ஒரு கனெக்டரின் இரண்டு பின்களில். அந்த இடத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவை மேசைக் கணினியில் ஓடும் இலவச மென்பொருள்கள். ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் ஆகும் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆன செலவு ஐயாயிரத்துக்குள் முடிந்தது. அதிலும் பெரும்பகுதி இன்னும் என் மேசையில் இருக்கிற கருவிகளுக்கானது. கடற்கரையில் ஐஸ் மீன் ஏற்றும் வண்டி வைத்திருப்பவர்களுக்கும், கணினி தெரிந்து வண்டி பழகாதவர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். மண்டபம் முகாமில் கணினி சர்வீஸும் ஜெராக்ஸும் சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். வண்டி, பிஎஸ் 4 காலத்துச் சின்ன டீசல் பிக்கப். பாம்பனில் விடியற்காலையில் மீன் ஏற்றி ராமநாதபுரம் மார்க்கெட்டுக்குப் போகும். சில நாள் மதுரை வரைக்கும். பிளாஸ்டிக் பெட்டிகளில் மீனும் உடைத்த ஐஸும் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுவார்கள். இறங்குகிற இடம் வரைக்கும் தளத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் கடைசி வாக்கியம்தான் மொத்தக் கதையின் மூலம், ஆனால் அது எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

சித்தப்பா முதலில் சொன்னது இது: "பாலத்துல ஏறுனா முள்ளு விழுந்துருது தாயி. எறங்கிக் கொஞ்ச தூரம் போனா எந்திரிச்சுருது. தடைக்காலத்துல ஒரு தொந்தரவும் இல்ல." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் ஓடியது. ஜூன் நடுவில் படகுகள் போக ஆரம்பித்தன, கச்சான் காற்றும் வேகமெடுத்தது, கோளாறும் திரும்பியது. ஓட்டுகிறவர் சொல்லும் இந்த மாதிரி விவரத்தை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கருவியும் இதைக் காட்டாது.

முதலில் 450 ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎல்எம் 327 நகல் ப்ளூடூத் குச்சியைச் செருகிப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறு கோடுகளைப் படிப்பதற்கென்றே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் அது உட்காரும், போனில் ஒரு செயலி போதும். வந்த கோட் யு0121. ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு அறுந்துபோனது என்று அதற்கு அர்த்தம். பட்டறையிலும் இதே கோடைப் பார்த்துத்தான் யூனிட் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் தொடர்பு அறுந்ததை மட்டும்தான் கோட் சொல்கிறது. யூனிட் செத்ததா, அதற்குப் போகும் கரண்ட் விட்டுவிட்டு வருகிறதா, நடுவில் வயர் போனதா என்பது அதில் இல்லை. ஃபியூஸ், பேட்டரியிலிருந்து யூனிட்டுக்குப் போகும் லைன், எர்த் போல்ட் மூன்றையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். நின்ற வண்டியில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

வண்டிக்குள் யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வலைதான் கேன் பஸ். பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-இல் வெளியிட்டது. கேன்-ஹெச், கேன்-எல் என்று முறுக்கிய இரண்டு வயர். அந்த ஜோடியில்தான் எல்லா யூனிட்டும் தொங்குகின்றன. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு ஐடி எண்ணும், அதிகபட்சம் 8 பைட் தகவலும் உண்டு. இந்த வண்டியில் வேகம் நொடிக்கு 5 லட்சம் பிட். இது போதும், மேற்கொண்டு தியரி வேண்டாம்.

அந்த 450 ரூபாய்க் குச்சியிலேயே பஸ்ஸில் போகிற எல்லாச் செய்தியையும் கேட்க முடியுமா என்று பார்த்தேன். அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. கொடுத்த மறு வினாடியே இடையகம் (செய்திகள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) நிரம்பிவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். கணக்கு எளிது. இந்தப் பஸ்ஸில் நொடிக்குச் சுமார் 1,500 செய்திகள் ஓடுகின்றன. ஒன்றை எழுத்தாக மாற்றினால் இருபது எழுத்துக்கு மேல். குச்சியின் சீரியல் வேகம் 38,400 பாட், அதாவது நொடிக்கு நாலாயிரம் எழுத்துகூடத் தேறாது. கோட் படிக்க இது நல்ல கருவி. பஸ்ஸை முழுதாகக் கேட்க உதவாது.

அப்புறம் கணினியைக் கேன் பஸ்ஸோடு இணைக்க, யுஎஸ்பியில் செருகும் கேனபிள் வகை அடாப்டர் ஒன்றை 2,600 ரூபாய்க்கு வரவழைத்தேன். கூடவே வயர் விட்ட ஓபிடி பிளக் ஒன்று, 350 ரூபாய். பிளக்கில் 6-ஆம் பின் கேன்-ஹெச், 14 கேன்-எல், 4 பாடி எர்த், 16 பேட்டரி பாசிட்டிவ். அந்த 16-ஐ வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக மடக்கிவிட்டேன். சாவி எடுத்த பிறகும் அதில் 12 வோல்ட் இருக்கும். எங்கேயாவது உரசினால் அடாப்டரும் போகும், கணினியின் போர்டும் போகும். கேன்-ஹெச், கேன்-எல் இரண்டையும் பிளக்கிலிருந்து அடாப்டர் வரைக்கும் ஒன்றோடொன்று முறுக்கியே கொண்டுவந்தேன்.

கடை மேசைக் கணினியில் விண்டோஸ் இருந்ததால் முதலில் பஸ்மாஸ்டரைப் போட்டேன். பாஷ் நிறுவனத்தின் இந்தியப் பொறியியல் பிரிவு உருவாக்கித் திறந்த மூலமாகவே வெளியிட்ட மென்பொருள் அது. திரை அமைப்பு தெளிவு, செய்திகளை வடிகட்டுவதும் சுலபம். ஆனால் அது பேசுகிற அடாப்டர்களின் பட்டியல் பெரும்பாலும் விலை கூடியவை. என்னிடமிருந்த மலிவு அடாப்டரை அது அடையாளம் காணவில்லை. அதற்காக அடாப்டரை மாற்ற எனக்கு மனமில்லை. அதே கணினியில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாட்டி உபுண்டு ஏற்றினேன். 4 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டிதான். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே 2008 முதல் சாக்கெட்கேன் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் ஆராய்ச்சிப் பிரிவு கொடுத்தது. அதனால் கேன் பஸ் அங்கே ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரியே தோன்றும். அடாப்டருக்குள் ஓடும் நிரலாகக் கேண்டில்லைட் ஃபர்ம்வேரை ஏற்றியதும் டிரைவர் எதுவும் தேடாமல் கேன்0 என்று வந்து நின்றது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்டர்ஃபேஸை எழுப்பும்போதே கேட்பது மட்டும் என்ற தெரிவோடு எழுப்புங்கள். அப்போது அடாப்டர் பஸ்ஸில் ஒரு பிட்கூட எழுதாது. அந்தத் தெரிவு இல்லாமல், வேகத்தையும் தப்பாகக் கொடுத்து இணைத்தால், அடாப்டர் எல்லாச் செய்தியையும் பிழை என்று நினைத்துக் குறுக்கே பேசும். டேஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் எரியும். ஓடுகிற வண்டியில் அது விளையாட்டில்லை.

வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, 3 மீட்டர் யுஎஸ்பி வயரை ஜன்னல் வழியே இழுத்து மேசைக் கணினியில் செருகினேன். யுஎஸ்பி 2 வயர் 5 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. முதலில் கேன்-யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள கேன்டம்ப்பை ஓட்டினால் திரையில் எண்கள் அருவியாகக் கொட்டும், ஒன்றும் பிடிபடாது. அதே தொகுப்பில் உள்ள கேன்ஸ்னிஃபர்தான் முதல் பிடிமானம். ஒவ்வொரு ஐடிக்கும் ஒரே வரி. மாறுகிற பைட் மட்டும் நிறம் மாறும். தம்பி, அதாவது சித்தப்பா மகன், உள்ளே உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல ஆக்சிலரேட்டரை மிதித்தான், பிரேக்கை அழுத்தினான், ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். ஐடி 280-இல் இரண்டு பைட் ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கின. ஓபிடி வழியாக இன்ஜின் சுற்றைக் கேட்டு, வருகிற இரண்டு பைட்டில் முதலாவதை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டி நாலால் வகுத்தால் ஆர்பிஎம் கிடைக்கும். அதை வைத்து ஒப்பிட்டதில் 280-இன் மதிப்பும் அதே நாலில் ஒரு பங்குக் கணக்குதான் என்று உறுதியானது.

கண்ணால் பார்க்கும் வேலைக்கு அப்புறம் சாவிகேனுக்கு மாறினேன். இதுவும் இலவசம், திறந்த மூலம். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். கேன்டம்ப் எழுதிய பதிவுக் கோப்பை அப்படியே திறக்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு ஐடியை எடுத்து, எந்த பிட்டிலிருந்து எத்தனை பிட், எந்த பைட் முதலில், என்ன மடங்கு என்று கொடுத்தால் வரைபடமாகப் போட்டுக் காட்டும். தப்பான பிட் கொடுத்தால் கோடு மரம் அறுக்கிற ரம்பப் பல்லாகத் தெறிக்கும், சரியாகக் கொடுத்தால் மழமழவென்று ஏறி இறங்கும். அதைப் பார்த்தே சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்ததை டிபிசி கோப்பாகச் சேமித்துவைத்தால் அடுத்த முறை எண்ணுக்குப் பதில் பெயரே வரும்.

ஆனால் பாலத்தில் வருகிற கோளாறைக் கடை வாசலில் பிடிக்க முடியாது. மேசைக் கணினியை வண்டியில் ஏற்றவும் முடியாது. ஆகவே பதிவுக்கு ராஸ்பெர்ரி பை 3 என்ற உள்ளங்கை அளவுச் சின்னக் கணினி, அலசலுக்கு மேசைக் கணினி என்று வேலையைப் பிரித்தேன். பை ஏற்கெனவே கடையில் சும்மா கிடந்தது. அதோடு இணைக்க 220 ரூபாய்க்கு, கேன் செய்திகளைப் படிக்கும் எம்சிபி 2515 சிப் வைத்த நீல நிற போர்டு வாங்கினேன்.

அந்தப் போர்டில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, சிப்புக்குத் தாளம் கொடுக்கும் கிரிஸ்டல். இணையத்தில் கிடைக்கும் அமைப்பு வரிகளில் பாதி 16 மெகாஹெர்ட்ஸ் என்றே இருக்கும். கையில் வந்த போர்டில் வெள்ளி நிறக் கிரிஸ்டலின் தலையில் 8 என்று பொறித்திருந்தது. 16 என்று எழுதினால் பஸ் வேகம் சரிபாதியாகிவிடும், ஒரு செய்திகூட வராது. 8 என்று மாற்றியதும் கொட்ட ஆரம்பித்தது. இன்னொன்று மின்சாரம். போர்டில் பஸ் வயரோடு நேரடியாகப் பேசுகிற சிப்பான டிரான்ஸீவருக்கு 5 வோல்ட் வேண்டும், பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நான் டிரான்ஸீவரின் 5 வோல்ட் காலை மட்டும் போர்டிலிருந்து பிரித்துத் தனி வயர் கொடுத்து, மீதியை 3.3-இல் ஓட்டினேன். நுனி மெல்லிய சால்டரிங் அயர்ன் இருந்தால் பத்து நிமிட வேலை.

அதே போர்டில் ஒரு ஜம்பரும் இருக்கிறது. அதைப் போட்டால் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று பஸ்ஸின் குறுக்கே சேரும். போர்டு வந்தபோது ஜம்பர் போட்டே வந்தது, முதல் பயணத்தில் அப்படியே போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையை ஒரு பவர் பேங்கில் ஓட்டி, கிளவ் பாக்ஸுக்குள் ஸ்பாஞ்ச் சுற்றி வைத்தேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் கொடுத்தால் சாவியைத் திருப்பும்போதெல்லாம் பை செத்து எழும், எஸ்டி கார்டு கெட்டுப்போகும். தம்பியின் போனில் ஜிபிஎஸ் பாதையைப் பதிவு செய்யும் செயலியை நொடிக்கு ஒரு புள்ளி என்று ஓடவிட்டோம். மீன் ஏற்றின வண்டியோடு பாம்பனிலிருந்து கிளம்பி ராமநாதபுரம் வரைக்கும் முழுப் பதிவு.

ஒரு மணி நேரப் பதிவில் 54 லட்சம் வரிகள், சுமார் 240 எம்பி. லிப்ரே ஆஃபீஸ் அட்டவணையில் திறக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதன் எல்லை 10,48,576 வரி. சாவிகேனும் 4 ஜிபி ராமில் மூச்சு வாங்கியது. பாலத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் சேர்த்து வெட்டி எடுத்தபின் சுகமாகத் திறந்தது.

வெட்டுவதற்குப் பாலம் எந்த நேரத்தில் வந்தது என்று தெரிய வேண்டுமே. பையில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. நெட் இல்லாமல் எழுந்தால் கடைசியாக அணைந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். அதனால் பதிவின் நேரத்துக்கும் போனின் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதற்கு ஒரு வழி கிடைத்தது. ஐடி 208-இல் எட்டு பைட்டும் இரண்டிரண்டாக நாலு எண்கள். வண்டி நின்றால் நாலும் சுழியம், ஓடினால் நாலும் சேர்ந்து ஏறும், வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் எண் கொஞ்சம் குறையும். நாலு சக்கரங்களின் வேகம்தான் அது. நூறால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு. இந்த வேகக் கோட்டையும் ஜிபிஎஸ் வேகக் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, பாம்பன் ஊருக்குள் நின்று நின்று போன ஏற்ற இறக்கம் பொருந்தும்வரை நகர்த்தினேன். அரை நொடித் துல்லியத்துக்கு இரண்டும் உட்கார்ந்தன. பாலம் 2.3 கிலோமீட்டர் சொச்சம். 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை நிமிடம்.

இனி அலசல். நான் முதலில் தேடியது தப்பான மதிப்புகளை. வேகம் திடீரென்று 0 என்று ஏதாவது செய்தி சொல்கிறதா, ஏபிஎஸ் பிழை என்று ஏதாவது பிட் எழும்புகிறதா என்று சாவிகேனில் ஒவ்வொரு ஐடியாகத் துழாவினேன். ஒரு மாலை முழுவதும் போனது, எதுவும் அகப்படவில்லை. எந்தச் செய்தியும் 0 என்று சொல்லவே இல்லை. பாலத்தில் 208 வரவே இல்லை, அவ்வளவுதான். செய்தி வராததால் டேஷ்போர்டு தானாக முள்ளைக் கீழே விட்டிருக்கிறது.

இது புரிந்ததும் அலசலின் திசையே மாறியது. பைட்டுகளுக்கு என்ன பொருள் என்பதை விட்டுவிட்டு, எந்த ஐடி எவ்வளவு நேரம் வராமல் போகிறது என்று மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கேன் செய்திகள் பெரும்பாலும் கடிகாரம் வைத்த மாதிரி வரும். ஐடி 280 பத்து மில்லி நொடிக்கு ஒருமுறை, 208 இருபதுக்கு ஒருமுறை. பைத்தானில் ஒரு சின்ன நிரல்: பதிவைப் படித்து, ஐடிவாரியாகப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டு செய்திகளுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று கழித்து, அந்த ஐடியின் வழக்கமான இடைவெளியைப் போல ஐந்து மடங்கு தாண்டினால் தனியாக எழுதிவைக்கும். நாற்பது வரிதான். எந்தப் பைட் என்ன என்று தெரியாத வண்டியிலும் இது வேலை செய்யும் என்பதால்தான் இவ்வளவு விளக்குகிறேன்.

பட்டியலைப் பார்த்ததும் மனசு துள்ளியது. பாலத்தின் மூன்றரை நிமிடத்துக்குள் 23 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் 208, 215, 420 என்ற மூன்று ஐடிகளும் ஒரே கணத்தில் மறைகின்றன, ஒரே கணத்தில் திரும்புகின்றன. மற்ற ஐடி எதுவும் மறையவில்லை. ஆக மூன்றும் ஒரே யூனிட்டிலிருந்து வருபவை, அது ஏபிஎஸ். இடைவெளிகள் 0.3 நொடியிலிருந்து 1.9 நொடி வரை. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் தடக் தடக் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி ஒரே வேகத்தில் போன பகுதியில் இடைவெளிகளின் தொடக்கமும் ஒரே சீரான தாளத்தில் இருந்தது. அதிர்வில் விட்டுப்போகிற கோளாறு என்பது அங்கேயே தெளிவு. அதிர்வு கண நேரம்தான், மௌனம் ஏன் அவ்வளவு நீளம் என்றால், பிழை எண்ணிக்கை 255-ஐத் தாண்டினால் யூனிட் தன்னைத்தானே பஸ்ஸிலிருந்து விலக்கிக்கொள்ளும். திரும்பிச் சேர அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

அதிர்வில் விடுவது யூனிட்டுக்குள்ளேயா, அதன் பவரிலா, கேன் வயரிலா? இதற்குப் பதில் சொன்னது அந்த ஜம்பர்.

இரண்டாவது பயணத்துக்கு முன் ஜம்பரைக் கழற்றிவிட்டேன். பஸ்ஸின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கும், மூன்றாவது தேவையில்லை என்பதற்காக. அந்தப் பயணத்தின் பதிவில் புதிதாக ஒன்று தெரிந்தது. ஏபிஎஸ் மறைகிற அதே கணங்களில், பத்து மில்லி நொடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் 280-உம் தள்ளாடியது. 14, 16 என்று தாமதித்தது, தொலையவில்லை. ஜம்பர் போட்டிருந்த முதல் பதிவில் அந்தத் தள்ளாட்டம் இல்லை.

பஸ்ஸின் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லாமல் போனால், ஜெட்டிச் சுவரில் மோதின அலை திரும்பி வருகிற மாதிரி சிக்னல் முனையில் முட்டித் திரும்பும். செய்தி சிதையும், மறுபடி அனுப்ப வேண்டிவரும், அதுதான் தாமதம். என் போர்டின் ஜம்பர் முதல் பயணத்தில் அந்த ரெசிஸ்டருக்குப் பதிலாக நின்று தள்ளாட்டத்தை மறைத்திருக்கிறது. ஆகவே ஏபிஎஸ் மௌனமாகும்போது அதற்குள் இருக்கும் 120 ஓமும் சேர்ந்து போகிறது. யூனிட்டின் பவர் மட்டும் போயிருந்தால் ரெசிஸ்டர் வயரிலேயேதான் இருந்திருக்கும். அறுவது கேன் ஜோடி வயரில், யூனிட்டுக்குப் போகும் வழியில். 38,000 ரூபாய் யூனிட்டைத் தொட வேண்டியதில்லை என்று அன்று ராத்திரி நம்பிக்கை வந்தது.

மறுநாள் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஓபிடி பிளக்கின் 6-க்கும் 14-க்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தேன். 60.8 ஓம். இரண்டு 120 இணையாக இருந்தால் வர வேண்டியது 60, ஆக நின்ற வண்டியில் குறையில்லை. தம்பி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வண்டிக்கு அடியில் படுத்து வயர் கட்டை முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டு போனேன். இந்த வண்டியில் ஏபிஎஸ் யூனிட் கேபினுக்குப் பின்னால், சரக்குத் தளத்துக்குக் கீழே சேசிஸ் கம்பியில் இருக்கிறது. அதற்கு அரை அடி முன்னால் ஒரு கனெக்டர். அதைத் தொட்டதும் தம்பி கத்தினான்: "அக்கா, 119! விடாத, பிடிச்சுக்க!"

கனெக்டரின் நேர் மேலே தளத்தின் வடிகால் துளை. மீன் பெட்டிகளின் ஐஸ் தண்ணீர், உப்பும் செதிலுமாக, அதன் தலையிலேயே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. தடைக்காலத்தில் தொந்தரவில்லாததற்குக் காரணம் இதுதான். உலோகங்களைக் கடற்காற்றில் அரிக்கவிட்டு ஆராய்வதற்குக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நிலையம் வைத்திருப்பதே எங்கள் மண்டபத்தில்தான். இங்கே செம்பும் இரும்பும் சும்மா இருந்தாலே அரிக்கும், மேலே உப்புத் தண்ணீரையும் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். திறந்து பார்த்தால் ரப்பர் சீல் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கேன்-எல் பின் பாதி கரைந்து பச்சைக் களிம்பு பூத்திருந்தது, கேன்-ஹெச் பின்னிலும் அது தொடங்கியிருந்தது.

சுத்தம் செய்து திரும்ப மாட்டினால் போதும் என்று பட்டறைத் தோழர் ஒருவர் சொன்னார். களிம்பு வயருக்குள்ளும் ஏறியிருக்கும் என்பதால் நான் ஒப்பவில்லை. இன்சுலேஷனைச் சீவியபோது உள்ளே செம்பு கறுத்திருந்தது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டியதில் இரண்டு பக்கமும் சேர்த்து 14 சென்டிமீட்டர் போனது. அதே தடிமனில் புது வயர் ஜோடியை, பழையதில் இருந்த அளவுக்கே முறுக்கி, கிரிம்ப் ஸ்லீவ் போட்டு இணைத்தேன். சால்டரிங் வேண்டாம் என்று வைத்தது யோசித்துத்தான். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அந்த ஓரத்திலேயே முறியும். மேலே உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வைத்தேன். கனெக்டருக்குப் புது டெர்மினல்கள், உள்ளே டைஎலெக்ட்ரிக் கிரீஸ். கனெக்டரை வடிகால் துளைக்கு நேரிலிருந்து ஓர் அடி தள்ளி, வாய் கீழ்ப்பக்கம் பார்க்கக் கட்டினேன். துளைக்கு ஒரு அங்குல ரப்பர் ஹோஸ் மாட்டி, தண்ணீர் சேசிஸைத் தொடாமல் பின் சக்கரத்துக்குப் பின்னால் விழ வைத்தேன். என் கணக்கில் இந்த ஹோஸ்தான் உண்மையான ரிப்பேர், மற்றதெல்லாம் அது இல்லாததால் வந்த வினை.

இணைத்தபின் மீட்டர் 60.3. அசைத்துப் பார்த்தாலும் 60.3. நிறைய ஐஸோடு மறுபடி பாலம், மறுபடி பதிவு. நிரல் வெறும் பட்டியலைக் கொடுத்தது: ஐந்து மடங்கைத் தாண்டிய இடைவெளி ஒன்றுமில்லை. வரம்பை இரண்டு மடங்காகக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் ஒன்றுமில்லை. 280 பத்துக்குப் பத்தே நின்றது. யு0121 கோடை அழித்தேன்; பிறகு வரவில்லை.

செலவு: ஈஎல்எம் குச்சி 450, கேனபிள் வகை அடாப்டர் 2,600, ஓபிடி பிளக் 350, எம்சிபி போர்டு 220, டெர்மினல், ஸ்லீவ், ஷ்ரிங்க், கிரீஸ், வயர் எல்லாம் சேர்த்து 540, ஹோஸும் கிளாம்பும் 180. மொத்தம் 4,340 ரூபாய். மென்பொருளுக்கு ஒரு பைசா ஆகவில்லை.

அடுத்த வண்டிக்கு இதே வேலை வந்தால் வரிசையை மாற்றுவேன். தொடர்பு அறுந்தது என்று கோட் வந்ததும் முதல் வேலை மல்டிமீட்டரும் வயரை அசைத்துப் பார்ப்பதும்தான். அதில் அகப்படாவிட்டால்தான் பதிவு. பதிவுக்கு எம்சிபி 2515 போர்டை எடுக்க மாட்டேன். அதில் பெறுவதற்கு இரண்டே இடையகங்கள். பஸ் நெரிசலானால் செய்திகள் விழுந்துவிடும். நான் இன்டர்ஃபேஸ் புள்ளிவிவரத்தில் விழுந்த எண்ணிக்கையைப் பார்த்து, அது எல்லா ஐடியிலும் சிதறிக் கிடந்ததால்தான் கோளாறோடு குழப்பிக்கொள்ளவில்லை. யுஎஸ்பி அடாப்டரையே பையில் செருகிவிட்டால் இந்தச் சந்தேகமே வராது. ஜம்பர் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று எப்போதும் இரண்டு பதிவு எடுப்பேன். பையோடு பேட்டரி வைத்த கடிகாரச் சிப் ஒன்றும் சேர்ப்பேன், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

கிழிந்த ரப்பர் சீல் தனியாகக் கிடைக்கவில்லை, இப்போதைக்குக் கனெக்டரின் வாயைச் சிலிகான் பசையால் அடைத்திருக்கிறேன். முழுக் கனெக்டர் செட் ஒன்றுக்கு ராமநாதபுரத்தில் சொல்லிவைத்திருக்கிறோம். வந்தால் அடுத்த தடைக்காலத்தில் வண்டி நிற்கும்போது மாற்றிவிடலாம். அதுவரை மாதம் ஒருமுறை 6-க்கும் 14-க்கும் நடுவில் அளந்து, ஓம் கணக்கைத் தம்பி வண்டி நோட்டில் டீசல் கணக்குக்குக் கீழே எழுதிவருகிறான்.